ஒன்றரை மணிக்கு மாடுகள் கடக்கும்

சனிக்கிழமை காலை 10.10க்கு நோபிள் பார்க்கில் இருக்கும் எங்கள் வீட்டில் இருந்து புறப்பட்டோம். காரில் நான்கு பேர். நான், மனைவி சாந்தி, எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ஆரணி, மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகன் இனியன். பின்னால் இரண்டு பை உடுப்பு, ஒரு கூலர் பெட்டி, சாந்தி செய்த பயத்தம் உருண்டை ஒரு டப்பா. என்னுடைய ஓடும் சப்பாத்து மட்டும் இனியனின் மடியில் இருந்தது. போன வருடம் அதை வீட்டு வாசலிலேயே மறந்துவிட்டு, கிரான்பேர்ண் வரை போய்த் திரும்பி வந்தோம். அன்றிலிருந்து சப்பாத்துக்குப் பொறுப்பு அவன்தான்.

நாங்கள் போன ஊருக்குப் பெயர் பார்லோஸ் கிரீக். தெற்கு கிப்ஸ்லாண்ட் நெடுஞ்சாலையில் ரூறடின், லாங் லாங் தாண்டி, கொரம்பராவுக்கு அப்பால் மலைகளுக்கு நடுவே இருக்கிறது. எங்கள் வீட்டு வாசலில் இருந்து 112 கிலோமீற்றர். ஒரு பள்ளிக்கூடம், ஒரு கடை, ஒரு உதைபந்தாட்ட மைதானம், மிச்சமெல்லாம் புல்லும் மாடும். அந்த ஊரில் வருடத்துக்கு ஒருமுறை ஒக்ரோபரில் மரதன் ஓட்டம் நடக்கும்.

மரதன் என்றால் எவ்வளவு தூரம் என்று உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். 42 கிலோமீற்றரும் இன்னும் 195 மீற்றரும். கிளென் வேவர்லி ஸ்டேஷனில் ரயில் ஏறி மெல்பேர்ண் நகரத்தின் நடுவில் இறங்குகிறீர்கள் அல்லவா? அந்தப் பாதையைக் காலால் போய், அதே பாதையில் காலால் திரும்பி வந்தால் ஏறக்குறைய ஒரு மரதன். நான் அந்தக் கிளென் வேவர்லிப் பக்கம்தான் பஸ் ஓட்டுகிறேன். நாள் முழுக்க இருந்தபடி செய்யும் வேலை. வயிறு ஸ்ரியரிங்கைத் தொடத் தொடங்கியபோது டொக்டர் நடக்கச் சொன்னார். நடந்தேன். நடை அலுத்தபோது மெதுவாக ஓடினேன். அப்படித்தான் இது தொடங்கியது.

போன வருடமும் இதே ஊரில் ஓடினேன். ஆனால் முடிக்கவில்லை. அதற்குக் காரணம் மாடுகள்.

அந்த ஊரில் எல்லாம் பால் கறக்கும் நேரத்தை வைத்துத்தான் நடக்கும். காலைப் பால் கறந்து முடிந்த பிறகு, ஒன்பது மணிக்குத்தான் ஓட்டம் தொடங்கும். 31ஆவது கிலோமீற்றரில் வீதியின் ஒரு பக்கம் மேய்ச்சல் நிலம், மறு பக்கம் பால் கறக்கும் கொட்டகை. மத்தியானம் ஒன்றரை மணிக்குப் படலையைத் திறந்தால் இருநூற்றுக்கு மேற்பட்ட மாடுகள் வீதியைக் கடக்கும். அதற்குப் பிறகு பால் லொறிகள் வரும், வீதி திறந்துவிடும். ஒன்றரைக்கு முன் அந்த இடத்தைத் தாண்டாதவர்களை ஒரு வெள்ளை வான் ஏற்றிக்கொண்டு மைதானத்தில் இறக்கிவிடும். போன வருடம் நான் அந்த வானில்தான் வந்தேன். பிள்ளைகள் முன் கேற்றில் கைதட்டுவதற்குத் தயாராக நிற்க, நான் பின் கேற்றால் வந்து இறங்கினேன்.

ரூறடினைத் தாண்டும்போது இனியன் கேட்டான்.

“அப்பா, இந்த முறை வானில வருவீங்களோ, காலால வருவீங்களோ?”

“ஏன் கேக்கிறாய்?”

“எங்க நிக்கிறதெண்டு தெரியோணும். வான் பின் கேற்றால வரும். ஓடுற ஆக்கள் முன் கேற்றால.”

அவன் பகிடி பண்ணவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். காலால் வருவேன் என்று சொன்னேன். “ஷுவர்?” என்றான். “ஓம்” என்றேன். சாந்தி யன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தது கண்ணாடியில் தெரிந்தது.

ஆரணி சிரிக்கவில்லை. அவளிடம் ஒரு திட்டம் இருந்தது. போன வருட ஓட்டத்தில் யாரோ எடுத்த படங்கள் இணையத்தில் கிடந்தன. அதில் என் படங்களை மட்டும் அவள் தேடி எடுத்தாள். பதினொரு படம். பதினொன்றிலும் நான் நின்றுகொண்டிருக்கிறேன். ஒன்றில் கையில் தோடம்பழம், ஒன்றில் பணிஸ், இன்னொன்றில் ஒரு கிழவருடன் கதைத்துக்கொண்டு தேநீர் குடிக்கிறேன்.

“அப்பா ஓடுற படம் ஒண்டுமே இல்லை” என்றாள். “மலை உங்களை நிப்பாட்டேல்லை. மேசைதான் நிப்பாட்டினது.”

அவள் சொன்னது சரிதான். அந்த ஓட்டத்தில் ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு மேசை போட்டிருப்பார்கள். நகரத்து ஓட்டங்களில் பிளாஸ்ரிக் குவளையில் தண்ணீர் தருவார்கள், ஓடியபடியே குடித்துவிட்டு எறிவார்கள். இங்கே அப்படி இல்லை. அந்தந்த இடத்து வீட்டுக்காரர்களே தங்கள் வாசலில் மேசை வைத்து, தாங்கள் செய்த பலகாரத்தை நீட்டுவார்கள். ஒருவர் தன் வாசலில் நின்று கையால் நீட்டுவதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வராது. எங்கள் ஆட்களில் பலருக்கும் வராது. வாங்கினால் நின்றுதான் சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவர்கள் இன்னொன்று தருவார்கள்.

போன வருடம் நான் வேண்டாம் என்று சொன்னது ஒரே ஒரு இடத்தில்தான். 24ஆவது கிலோமீற்றரில் ஒரு வயதான அம்மா கேக் நீட்டினார். முட்டை போட்டதா என்று கேட்டேன். ஓம் என்றார். நாங்கள் முட்டை சாப்பிடுவதில்லை என்று சொன்னபோது அவருடைய முகம் வாடிவிட்டது. அதை ஈடு செய்வதற்காக அவருடைய தேநீரை இரண்டு கோப்பை குடித்தேன். அங்கேயே எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

அதனால் இந்த வருடத் திட்டம் இது: மாட்டுப் படலை தாண்டும்வரை ஒரு மேசையிலும் நிற்பதில்லை. தண்ணீரை ஓடியபடியே குடிப்பது. 10 கிலோமீற்றர் 10.20க்கு, 20 கிலோமீற்றர் 11.45க்கு, அதற்குப் பிறகு பெரிய ஏற்றம் என்பதால் 24 கிலோமீற்றர் 12.27க்கு, 31 கிலோமீற்றர் 1.25க்கு. ஆரணி இதை இரண்டு கிழமையாகக் கணக்குப் பார்த்து, தன் கணக்கு ரீச்சரிடமும் காட்டி, கையில் ஒட்டுகிற ஒரு ரேப்பில் எழுதி வைத்திருந்தாள்.

“நோ தாங்ஸ் எண்டு மட்டும் சொல்லுங்கோ அப்பா. பஸ்ஸை நேரத்துக்கு ஓட்டுறீங்கள்தானே. இதுவும் அப்பிடித்தான்.”

நிற்கமாட்டேன் என்று அவளுக்குச் சொன்னேன்.

மத்தியானம் 12.20க்குப் பார்லோஸ் கிரீக் வந்து சேர்ந்தோம். கரவன் பார்க்கில் ஒரு சின்ன அறை, ஒரு இரவுக்கு 148 டொலர். மூலையில் ஒரு குசினி, இரண்டு அடுக்குக் கட்டில். மேல் கட்டில் யாருக்கு என்ற சண்டை பத்து நிமிடம் நடந்து, இனியன் வென்றான்.

பின்னேரம் மைதானத்து மண்டபத்தில் இலக்கம் வாங்கப் போனேன். ஓடுவதற்குக் கட்டணம் 90 டொலர். எனக்குக் கிடைத்தது 117. அங்கே ஒரு தமிழ் முகத்தைக் கண்டேன். செந்தில் என்று பெயர். மதுரைக்காரர், பொயிண்ட் குக்கில் இருந்து தனியாக வந்திருந்தார், கம்பியூட்டர் வேலை. கையில் தோசைக்கல் மாதிரி ஒரு மணிக்கூடு கட்டியிருந்தார். அது இதயத் துடிப்பு, மலையின் உயரம் எல்லாம் சொல்லுமாம். ஆரணி அந்த மணிக்கூட்டை விட்டு நகரவில்லை. என் திட்டத்தை அவள் அவரிடம் காட்டினாள். அவர் அக்கறையாகப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“பிளான் சூப்பரா இருக்கு அண்ணே. கேக்கு மட்டும் சாப்பிடாம வாங்க.”

ஞாயிறு காலை 5.40க்கே விழித்துவிட்டேன். வெளியே குளிர், புல்லில் பனி. தூரத்தில் பால் கறக்கும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. சாந்தி எழும்பிப் பாணுக்கு வெண்ணெய் பூசித் தந்தா. இரண்டு வாழைப்பழமும் சாப்பிட்டேன். ஆரணி என் இடது கையில் அந்த ரேப்பை ஒட்டி, அது கழராதபடி இரண்டு தரம் அழுத்தினாள்.

9.00க்கு ஒருவர் பழைய மாட்டு மணி ஒன்றை ஆட்டினார். அவ்வளவுதான், ஓட்டம் தொடங்கியது. நூறு பேருக்குக் கிட்ட இருப்போம். முதல் ஐந்து நிமிடத்திலேயே எனக்குப் பின்னால் ஆறேழு பேர்தான் இருந்தார்கள். செந்தில் விர்ரென்று முன்னே போய்விட்டார்.

அந்த மலைகளைச் சொல்ல வேண்டும். நாங்கள் பிறந்த வன்னியில் மலை இல்லை. மெல்பேர்ணில் நாங்கள் இருக்கும் பக்கமும் தட்டையானதுதான். இங்கே நிலம் அலை அலையாக இருந்தது. ஒரு ஏற்றத்தில் ஏறி முடித்தோம் என்று மூச்சு விட்டால் அதற்குப் பின்னால் இன்னொன்று நிற்கும். பச்சை என்றால் கண்ணைக் கூசுகிற பச்சை. சரிவுகளில் மாடுகள் விழாமல் எப்படி நிற்கின்றன என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. தார் வீதி நான்கு கிலோமீற்றரில் முடிந்து கிறவல் வீதி தொடங்கியது. சப்பாத்துக்கு அடியில் கல் நெரியும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

ஐந்தாவது கிலோமீற்றரில் முதல் மேசை. இரண்டு பிள்ளைகள் ஜெலி இனிப்பு நீட்டினார்கள். “நோ தாங்ஸ்” என்றேன். எங்கள் வீடுகளில் வேண்டாம் என்றால் இன்னும் இரண்டு தரம் கேட்பார்கள், மூன்றாம் தரம் வாங்கித்தான் ஆகவேண்டும். அந்தப் பிள்ளைகள் “ஓகே” என்று சொல்லிவிட்டு, பின்னால் வந்தவரிடம் நீட்டினார்கள். ஒருவரும் கோபிக்கவில்லை. இவ்வளவுதானா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பத்தாவது கிலோமீற்றரில் தோடம்பழம் வேண்டாம் என்றேன். பதினைந்தில் சுடச்சுட ஸ்கோனும் ஜாமும். அதையும் வேண்டாம் என்றேன், ஆனால் திரும்பி ஒருதரம் பார்த்தேன். கையில் எழுதிய நேரங்களும் வீதியில் வந்த பலகைகளும் ஒத்துப் போயின. 10.19, 11.44. ஒரு பஸ் சாரதிக்கு இதைவிடச் சந்தோசம் கிடையாது.

பதினெட்டாவது கிலோமீற்றரில் செந்தில் ஒரு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலில் பிடிப்பு. நிற்கட்டுமா என்று கேட்டேன். போகச் சொல்லிக் கையைக் காட்டினார். தன் மணிக்கூடு எல்லாம் சொன்னதாம், கால் பிடிக்கப் போவதை மட்டும் சொல்லவில்லையாம்.

12.27க்கு 24ஆவது கிலோமீற்றர் பலகை வந்தது. ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை.

அங்கே தபால் பெட்டிக்குப் பக்கத்தில் பூப்போட்ட துணி விரித்த மேசை. போன வருடத்து அதே அம்மா. என் நெஞ்சில் இருந்த இலக்கத்தைப் பார்த்ததும் எழும்பி, “பஸ் டிரைவர்” என்றார். அவருக்குப் பெயர் பெவ். அன்றைக்குத்தான் பெயரே தெரிந்தது. அந்த முட்டை சாப்பிடாத மனிதர் இந்த முறையும் வருகிறாரா என்று ஓட்டம் நடத்துபவர்களிடம் கேட்டு, என் இலக்கத்தை எழுதி வைத்திருந்தாராம்.

மேசைக்கு அடியில் இருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே கறுப்பாக ஒரு கேக். முட்டை கிடையாது என்றார். தன் தாய் செய்துவந்த கேக்காம், கோழிகள் முட்டையிடாத குளிர்காலத்தில் வினாகிரியும் சோடா மாவும் போட்டுச் செய்வார்களாம். செய்முறை எழுதிய துண்டு தொலைந்துபோனதால் நினைவில் வைத்து இரண்டு தரம் செய்து பார்த்திருக்கிறார்.

“முதலாவது கேக் நாய்க்குப் போனது. இது பரவாயில்லை என்று நினைக்கிறேன்” என்றார்.

நான் கையில் ஒட்டிய ரேப்பைப் பார்த்தேன். ஒரு துண்டை வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவர் ஏற்கனவே தேநீரை ஊற்றிவிட்டார். ஒரு கதிரையையும் இழுத்துப் போட்டார். பிறகு கைகளை அப்ரனில் துடைத்துக்கொண்டு, நான் முதல் வாய் சாப்பிடுவதைப் பார்க்க நின்றார். ஒரு வருடமாக அந்த முட்டைக் கதை அவருடைய மனதில் இருந்திருக்கிறது. நான் நேரத்தைச் சொன்னால் அவர் போகச் சொல்லியிருப்பார், அது எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. இருந்துவிட்டேன்.

கேக் நல்ல ருசி. இரண்டு துண்டு சாப்பிட்டேன். அந்த நேரம் பார்த்து வீதியால் செந்தில் நொண்டி நொண்டி வந்தார்.

“என்ன அண்ணே, கடை போட்டு உக்காந்துட்டீங்க? மாடு வந்துரும் அண்ணே!”

நான் கோப்பையைத் தூக்கிக் காட்டினேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு போனார்.

எழும்பும்போது 12.36. ஒன்பது நிமிடம். மிச்சக் கேக்கைப் பெட்டியோடு பிள்ளைகளுக்குக் கொண்டுபோகச் சொன்னார் பெவ். அதையும் மறுக்க முடியவில்லை. தகரப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மலை ஏற ஓடிய ஒருவரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒவ்வொரு அடிக்கும் அது கடகட என்றது. இருந்து எழும்பிய கால் மரக்கட்டை போல இருந்தது. ஆனாலும் அந்த ஏழு கிலோமீற்றரும் நான் நடக்கவில்லை. ஏற்றத்திலும் ஓடினேன். மூச்சு நெஞ்சில் முட்டியது. ஆரணியின் முகம் கண்ணுக்கு முன்னால் நின்றது.

மாடுகளைக் காண்பதற்கு முதலே அவற்றின் சத்தம் கேட்டது. வளைவைத் திரும்பினேன். வீதிக்குக் குறுக்கே ஒரு கயிறு. கயிற்றுக்கு அப்பால் கறுப்பும் வெள்ளையுமாக மாடுகள் நிதானமாகக் கடந்துகொண்டிருந்தன. நேரம் 1.34.

கயிற்றுக்குப் பக்கத்தில் வெள்ளை வான். அதன் சாரதி கெவின், ஓய்வுபெற்ற மனிதர், போன வருடம் என்னை ஏற்றியவர். என்னைக் கண்டு, “மறுபடியும் நீங்களா” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே கவலைப்பட்டார். செந்தில் 1.28க்குத் தாண்டிவிட்டாராம். அவர்தான் கடைசி.

இரண்டு பேரும் மாடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்றும் அவசரப்படவில்லை. ஒரு மாடு நடு வீதியில் நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனது. எல்லாம் கடந்து முடிய 1.55. கெவின் வானின் கதவைத் திறந்தார்.

நான் ஏறவில்லை. இந்த வீதியால் ஒரு மனிதன் சும்மா நடந்து போகலாமா என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். இது பொது வீதி, யாரும் நடக்கலாம் என்றார். ஆனால் ஓட்டக்காரனாகப் போக முடியாது. இலக்கத்தைத் தரவேண்டும், விலகிவிட்டேன் என்று கொப்பியில் கையெழுத்துப் போடவேண்டும். நேரமும் இல்லை, பதக்கமும் இல்லை. நான் நான்கு ஊசிகளையும் கழற்றி 117ஐ அவரிடம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். அவர் தன்னுடைய மஞ்சள் மேலங்கியைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். வலது ஓரமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி போகச் சொன்னார். கேக் பெட்டியைத் தான் கொண்டுபோய்ப் பிள்ளைகளிடம் கொடுப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

இன்னும் பதினொரு கிலோமீற்றருக்கு மேல். கொஞ்ச தூரம் ஓடினேன், கொஞ்ச தூரம் நடந்தேன். மேசைகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள். எதிரே வந்த லொறிக்காரர்கள் ஸ்ரியரிங்கில் இருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொன்னார்கள். நாங்கள் பஸ் சாரதிகளும் ஒருவரை ஒருவர் கண்டால் அப்படித்தான் செய்வோம், அதனால் நானும் ஒரு விரலைத் தூக்கினேன். ஒரு மக்பை பறவை தன் கூட்டுக்குப் பக்கத்தில் என்னைக் கண்டு இரண்டு தரம் தலைக்கு மேலால் பாய்ந்தது. தீயணைப்புக் கொட்டகையின் குழாயில் தண்ணீர் குடித்தேன். 38ஆவது கிலோமீற்றரில் இருந்து தூரத்து மலைகளுக்கு நடுவே கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. ரேப்பில் அதற்குமேல் நேரம் எழுதியிருக்கவில்லை. 31க்குப் பிறகு நான் சமாளித்துக்கொள்வேன் என்று ஆரணி நம்பியிருந்தாள்.

3.52க்கு மைதானத்தின் முன் கேற்றுக்கு வந்தேன். ஓட்டம் 3.30க்கே முடிந்துவிட்டது. முடிவுக் கோட்டில் நின்ற காற்றடித்த வளைவைச் சுருட்டி லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கேற்றில் இனியன் நின்றான். பிறகு சாந்தி சொல்லித்தான் நடந்தது தெரியும். வான் வந்த சத்தம் கேட்டு அவன் பின் கேற்றுக்கு ஓடியிருக்கிறான். கதவு திறந்தது, உள்ளே இருந்து ஒரு தகரப் பெட்டி மட்டும் வந்தது. அப்பா எங்கே என்று கேட்டு, காலால் வருகிறார் என்று கெவின் சொன்னதும் திரும்பவும் முன் கேற்றுக்கு ஓடிவந்தவன், அங்கேயே ஒன்றரை மணித்தியாலம் நின்றிருக்கிறான்.

“காலாலதான் வந்தனீங்கள்” என்றான். என் கையைப் பிடித்துக்கொண்டு, வளைவு நின்ற இடத்தில் புல் நசிந்திருந்த கோடு வரைக்கும் கூடவே ஓடினான்.

ஆரணி மைதானத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. 3.24க்கு ஓடி முடித்த செந்தில், உங்கப்பா ஒரு வீட்டு வாசல்ல உக்காந்து கேக்கு சாப்பிட்டுட்டு இருந்தாரும்மா என்று நல்ல மனதோடு சொல்லிவிட்டுப் பொயிண்ட் குக் போய்விட்டார்.

“நிண்டனீங்கள் என்ன?”

“ஓம்.”

“எத்தினை நிமிசம்?”

“ஒன்பது.”

“படலைக்கு எத்தினை மணிக்கு?”

“ஒண்டு முப்பத்தி நாலு.”

அவள் மனதுக்குள் கழித்துப் பார்த்தது தெரிந்தது. நிற்காமல் வந்திருந்தால் 1.25. அவள் எழுதிய அதே நேரம். தன் கையில் இருந்த கணக்குத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தாள். கேக்கைக் கொடுத்தேன், வேண்டாம் என்றாள். நான் காரணம் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய கணக்கில் பிழை இல்லை. சொன்ன சொல்லை விட்டது நான்தான்.

சாந்தியும் இனியனும் கேக்கைச் சாப்பிட்டு முடித்தார்கள். சாந்தி பெட்டியை மண்டபத்துக் குழாயில் கழுவித் துடைத்தா. அடியில் பெவ்வின் பெயர் பழைய பெயின்றில் எழுதியிருந்தது.

“இஞ்சருங்கோ, இது அவையின்ர பெட்டி. குடுத்திட்டுப் போவம்.”

“ஓம், போற வழியில வாசல்ல வைப்பம்.”

“வெறும் பெட்டியோ?” என்றா. பயத்தம் உருண்டை டப்பாவைத் திறந்து, இருந்த பதினான்கையும் அடுக்கினா.

4.45க்குப் புறப்பட்டோம். நான் ஓடிய அதே வீதியால் கார் ஏறியது. ஓரிடத்தில் எஞ்சின் முனகி, கியர் தானாகக் கீழே இறங்கியது. ஆரணி யன்னலுக்கு வெளியே அந்த ஏற்றத்தை அடியில் இருந்து நுனி வரை பார்த்தாள். “இதையும் பெட்டியோட ஓடினவரோ?” என்று மெதுவாகத் தாயிடம் கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை.

பெவ் தன் வாசலில் மேசைத் துணியை மடித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டார், பெட்டியைத் திறந்து பார்த்தார், இது என்ன, எதில் செய்தது என்று சாந்தியிடம் விசாரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் இன்னும் கெவினின் மஞ்சள் மேலங்கியோடு நின்றேன். திருப்பிக் கொடுக்க மறந்துபோனேன். நெஞ்சில் இலக்கம் இல்லை.

“மாடுகளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தீர்களா?” என்றார்.

நடந்து வந்து சேர்ந்தேன் என்று சொன்னேன். அவர் மேசைத் துணியைக் கீழே வைத்தார். கதிரையைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“என்னுடைய கேக்காலா?”

வாயைத் திறந்தேன். பதில் வருவதற்கு முன் ஆரணி காரில் இருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

“நோ” என்றாள். “அப்பா எப்பவுமே ஸ்லோ. போன வருசமும் ஸ்லோதான். கேக் இல்லாட்டிலும் பிந்தித்தான் வந்திருப்பார்.” இதை அவள் ஆங்கிலத்தில், கணக்கு ஒப்புவிப்பது போலச் சொன்னாள்.

பெவ் சிரித்துவிட்டார். நானும் தலையை ஆட்டினேன். ஓம், நான் ஸ்லோதான்.

அந்த முதல் கேக்கை நாய் முழுவதும் சாப்பிடவில்லை, பாதி இன்னும் குசினியில் இருக்கிறது, அது அவ்வளவு மோசமில்லை, தேநீர் குடித்துவிட்டுப் போகலாமே என்று பெவ் கூப்பிட்டார். நாளைக்குப் பள்ளிக்கூடம். எனக்கு அதிகாலை 5.15க்கு பஸ். வீட்டுக்கு இன்னும் நூறு கிலோமீற்றருக்கு மேல். நான் நன்றி சொல்லி மறுக்கத் தொடங்கினேன். ஆரணி தன் மணிக்கூட்டைப் பார்த்தாள்.

“பத்து நிமிசம் நிப்பம் அப்பா” என்றாள்.

உள்ளே போனோம். நாய் இனியனின் காலடியில் படுத்துக்கொண்டது. ஆரணி மூன்று துண்டு சாப்பிட்டு, வினாகிரி எத்தனை கரண்டி என்று கேட்டு எழுதிக்கொண்டாள். எழுதுவதற்குச் சட்டைப்பைக்குள் இருந்து எடுத்தது அந்தக் கணக்குத் தாளைத்தான். அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

நாங்கள் அந்த வாசலை விட்டுப் புறப்பட்டபோது காரில் மணி 6.10. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றிருக்கிறோம். ஆரணி அதைக் கணக்குப் பார்க்கவில்லை.